ஒன்பது தண்ணி

கோதுமையை ஒன்பது தண்ணியில் கழுவவேணுமாம்.
வானதூதர் ஒன்பது அணியாம், அணிக்கொரு தண்ணி.
எட்டில் நிப்பாட்டக் கூடாது.
பாசையூரில் குழாய்த்தண்ணி
ஒண்டுவிட்ட ஒருநாள்,
அதுவும் விடியப்புறம் மூண்டு மணிக்கு.
இதை அந்த அணிகளுக்கு
ஆர் போய்ச் சொல்லுறது?

"ஆர் அவ?" எண்டு கேட்டன்.
"வியோரிக்கா. பாண் பக்ரறியில இரவுவேலைக்கு மேற்பார்வை.
இண்டைக்கு முப்பத்தொன்பதாம் நாள்.
நாளைக்குக் குடுத்திட வேணும்."
நான் கேட்டது அதையில்லை.
அவருக்கும் அது தெரியும்.
அடுத்த தண்ணியை ஊத்தினன்.

மூண்டாம் தண்ணியில் உமி மிதந்தது.
அப்பதான் வாய் திறந்தார்.

பிராஷோவில் முதல் வின்ரர்.
குளிருக்கு ஒரு ஸ்வெற்றரும் ஒரு ஜெபமாலையும்.
நத்தாருக்கு முதல்நாள் இரவு
ஹொஸ்ரல் கதவைத் தட்டி
சட்டி நிறையச் சர்மாலே தந்தவவாம்:
புளிக்கவைச்ச கோவா இலைக்குள்
அரிசியும் பன்றியிறைச்சியும் சுருட்டி அவிச்சது.
அறையில் பதினொரு பெடியள்.
சட்டியை வழிச்சது ஆரெண்டு
இப்பவும் வாட்ஸ்அப்பில் சண்டை.

மற்றக் கையில் ஒரு கோட்.
புருஷன்ர. ஆள் செத்து ஆறு கிழமை.
செத்தவன்ர உடுப்பை உயிரோட இருக்கிறவன் போட்டால்
அங்க அவனுக்குக் குளிராதாம்.
வாங்கிறவன் ஒரு சொல்லுச் சொல்லவேணும்,
பொக்தாப்ரொஸ்தே.
இவர் சொன்னது "தாங்க்யூ."
அவ சிரிச்சிட்டுப் போட்டா.

மூண்டு வின்ரர் போட்டு, முழங்கை கிழிஞ்சு, தைச்சு,
இஞ்ச வந்து அலுமாரிக்குள் பூச்சிமுட்டையோட தொங்குது கோட்.
அந்தத் தாங்க்யூ மட்டும்
இவருக்கு இன்னும் தொண்டைக்குள்.

ஏழாம் தண்ணியோட வாளி முடிஞ்சுது.
லூர்தம்மா வீட்டுக் கிணறு உப்பு.
கடைசி இரண்டு அணிக்கும்
உப்புத்தண்ணிதான்.

வோல்நட் பெரியகடை முழுக்க இல்லை.
கச்சான் வறுத்து இடிச்சன்.
தேசித்தோல் துருவல், மாரி பிஸ்கட் தூள்,
மேல வெள்ளையாய் ஐசிங் சீனி.
கொக்கோவால் சிலுவை போடச் சொன்னார்.
என்ர கை ஆடி
அது காத்துக்குச் சரிஞ்ச பாய்மரம்போல நிண்டுது.
அழிச்சுப் போட அவர் விடேல்லை.

அந்தோனியார் கோயில் பூசை முடிய
கிண்ணமும் மெழுகுதிரியுமாய் வாசலில் நிண்டார்.
மேசி ரீச்சர் "சீனி கூடிப்போச்சு" எண்டா.
சின்னன்கள் இரண்டாந்தரமும் வந்து நிண்டுதுகள்.
வலை பொத்திக்கொண்டிருந்த செபமாலைமுத்து
ஊசியைக் காதில் செருகிப்போட்டு
"எந்தப் பங்கு?" எண்டு கேட்டார்.
"கொஞ்சம் தூரம்."
"பேர்?"
சொன்னார்.
கரண்டியை வாயில் வைக்கமுதல்
"நித்திய இளைப்பாற்றி கிடைக்கட்டும் அந்த
வியோ… அந்தப் பிள்ளைக்கு."

இவர் அப்பிடியே திரும்பி
மதிலைப் பாத்துக்கொண்டு நிண்டார், கனநேரம்.

பின்னேரம் டிலக்சன் வந்தான்.
விசா வந்திட்டுது, வாற செவ்வாய் பிளேன்.
இவர் அலுமாரியைத் திறந்தார்.
முப்பத்துநாலு பாகை வெக்கையில்
பெடியன் கோட்டைப் போட்டுப் பொத்தானும் பூட்டி
கண்ணாடிக்கு முன்னால் வேர்த்து வடிஞ்சான்.
"சோக்கா இருக்கண்ணை!"
இவர் அவன்ர வாயையே பாத்துக்கொண்டு நிண்டார்.
குசினிக்குள் நான்
அந்தச் சொல்லைச் சொல்லிப் பாத்தன்.
இரண்டுதரம் நாக்குப் பிரண்டுது.
மூண்டாந்தரம் அவருக்குக் கேட்டிருக்கும்.
ஒண்டும் பேசேல்லை.

டிலக்சன் பொக்கற்றுக்குள் கைவிட்டு
எதையோ கிள்ளி எடுத்தான்:
ஒரு சூரியகாந்தி விதையின் கோது,
பல்லால் பிளந்தது.
அண்ணையோ கொறிச்சது எண்டு கேட்டான்.
இவர் வாங்கி, வெளிச்சத்தில் பிடிச்சுப் பாத்து,
தெரியேல்லையடா எண்டு
திரும்ப அந்தப் பொக்கற்றுக்குள்ளேயே போட்டார்.